லைப்ரரிச் சண்டை: ஓய்ந்ததா, ஒளிந்ததா?

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி மெப்ஸ் பக்கம் நடக்கிறவர்களிடம் என்ன வேலை என்று கேட்டால், "சப்போர்ட்ல இருக்கேன்" என்று சொல்லும் யாராவது ஒருவர் நிச்சயம் கிடைப்பார். 1984இல் ஏற்றுமதி வளாகமாகத் தொடங்கிய மெப்ஸ், ஜிஎஸ்டி சாலையை ஒட்டி வண்டலூருக்குத் தெற்கே எழுந்த ஐடி பார்க்குகள், மஹிந்திரா வேர்ல்டு சிட்டி, அந்தப் பக்கம் ஓஎம்ஆரில் சோழிங்கநல்லூர் முதல் சிறுசேரி வரை என்று நீளும் இந்தப் புறநகர் வட்டாரத்தில், புதிதாக நிரல் எழுதுவது ஒரு பிழைப்பு என்றால், எப்போதோ யாரோ எழுதிய அப்ளிகேஷனை நிற்காமல் ஓடவைப்பது இன்னொரு பெரிய பிழைப்பு. கடல் கடந்த ஒரு வங்கிக்கோ காப்பீட்டு நிறுவனத்துக்கோ பதினைந்து வருடத்துக்கு முன் எழுதிய வெப் அப்ளிகேஷன் இங்கிருந்துதான் டிப்ளாய் ஆகிறது. ராத்திரி அது விழுந்தால் இங்கேதான் போன் அடிக்கும். இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த, வெளியே அதிகம் பேசப்படாத ஒரு தொல்லை உண்டு. நிரல்கள் எடுத்தாளும் ஒரே லைப்ரரியின் இரண்டு வெர்ஷன்கள் ஒரே சர்வரில் மோதிக்கொள்வதுதான் அது.

இந்த மோதலைத் தீர்க்க இதுவரை வந்த வழிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. பெரும்பாலான வழிகள் மோதுகிறவர்களைத் தனித்தனி அறையில் பூட்டுகின்றன. பூட்டியதும் சத்தம் நின்றுவிடுகிறது. ஆனால் லைப்ரரியைப் புதுப்பிக்க வேண்டியவர் யார் என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது. சத்தம் கேட்ட காலத்தில் யாராவது எழுந்து பார்ப்பார்கள், இப்போது அதுவும் இல்லை.

லைப்ரரியைப் பங்கிட்டுக்கொள்ளும் பழக்கம் வந்ததற்கு நியாயமான காரணம் இருந்தது. மெமரியும் டிஸ்க்கும் விலை அதிகம் இருந்த நாளில், ஒவ்வொரு நிரலுக்குள்ளும் அதே லைப்ரரியை ஒட்டிவைப்பது வீண். 1980களின் கடைசியில் சன் நிறுவனத்தின் யூனிக்ஸ் போன்றவை ஷேர்டு லைப்ரரியைப் பரவலாக்கின. டிஸ்க்கில் ஒரு பிரதி, மெமரியில் ஒரு பிரதி, எல்லா நிரலும் அதையே தொட்டுக்கொள்ளும். இதில் இன்னொரு லாபமும் கிடைத்தது. லைப்ரரியில் ஓட்டை என்று தெரிந்தால் ஒரு கோப்பை மாற்றினால் போதும், மொத்த சர்வரும் சரியாகிவிடும். மெமரி மலிந்த பிறகு முதல் காரணம் போய்விட்டது. இரண்டாவது காரணம் இன்றும் உயிரோடு இருக்கிறது, ஆனால் அதை நினைத்துப் பார்ப்பவர் குறைவு.

ஜாவா உலகத்தில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் இந்த வட்டாரத்துப் பழைய அப்ளிகேஷன்களில் ஜாவாவுக்குப் பெரிய இடம் உண்டு. வெப் அப்ளிகேஷனைக் கட்டி அனுப்பும் வார் ஃபைலுக்குள் வெப்-இன்ஃப் என்ற ஃபோல்டர், அதற்குள் லிப், அதில் லைப்ரரிகளைச் சுமக்கும் நூறு இருநூறு ஜார் ஃபைல்கள். சர்வர் டாம்கேட்டாக இருந்தால் அதற்கும் சொந்தமாக ஒரு லிப் உண்டு. ஒரு கிளாஸ் தேவைப்படும்போது டாம்கேட் முதலில் ஜாவாவின் அடிப்படை கிளாஸ்களைப் பார்க்கும், பிறகு அப்ளிகேஷனின் சொந்த லிப், அதிலும் இல்லையென்றால்தான் பொது லிப். வெப்லாஜிக்கிலும் வெப்ஸ்பியரிலும் வழக்கம் நேர் எதிர்: சர்வரிடம் இருப்பதுதான் முதலில், அப்ளிகேஷனிடம் இருப்பது பிறகு. அதனால்தான் டாம்கேட்டில் ஒழுங்காக ஓடிய வார், வெப்லாஜிக்குக்குப் போனதும் சர்வருக்குள் இருக்கும் ஏதோ பழைய எக்ஸ்எம்எல் பார்சரைப் பிடித்துக்கொண்டு மக்கர் செய்கிறது. வெப்லாஜிக்கில் இந்த வரிசையைத் திருப்ப கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரி எழுதினால் போதும். வெப்ஸ்பியரில் பேரன்ட் லாஸ்ட் என்று ஒரு தேர்வு. மாற்றுவது ஒரு நிமிட வேலை. எதை மாற்ற வேண்டும் என்று கண்டுபிடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும்.

அது ஏன் அவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஒரு நிஜ ஜோடியைச் சொல்கிறேன். கூகுள் 2009இல் கூகுள் கலெக்‌ஷன்ஸ் என்ற லைப்ரரியின் 1.0 வெர்ஷனை வெளியிட்டது. பிறகு அதை குவாவா என்ற பெரிய லைப்ரரிக்குள் கரைத்துவிட்டது. இரண்டிலும் பல கிளாஸ்களுக்கு ஒரே முழுப்பெயர். ஆனால் லைப்ரரிகளை இழுத்துவரும் மேவன் கருவியின் கண்ணில் இவை இரண்டும் வேறு வேறு சரக்குகள், ஏனென்றால் அது பார்ப்பது வெளியே ஒட்டியிருக்கும் பெயரைத்தான். ஆகவே நாம் கேட்ட ஒரு லைப்ரரி குவாவாவையும், இன்னொன்று பழைய கலெக்‌ஷன்ஸையும் இழுத்துவந்தால், மேவன் முணுமுணுக்காமல் இரண்டையும் லிப்புக்குள் போட்டுவிடும். டாம்கேட் 7 வரை அந்த ஜார்கள் அகரவரிசையில் ஏறின. ஆங்கில எழுத்து வரிசையில் கூகுள் முன்னால், குவாவா பின்னால். எனவே எப்போதும் பழையதே ஜெயிக்கும், தவறு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தெரியும். டாம்கேட் 8இல் அந்த வரிசையை எடுத்துவிட்டார்கள். ஃபைல் சிஸ்டம் எந்த வரிசையில் கொடுக்கிறதோ அதுதான் வரிசை. இதைப் பழையபடி மாற்றுங்கள் என்று கேட்டவர்களுக்கு, சர்வ்லெட் விதிகளில் அப்படி ஒரு உத்தரவாதமே கிடையாது என்று பதில் வந்தது. விதிப்படி அது சரி. விளைவு என்னவென்றால், ஒரே வார் ஃபைல் டெஸ்ட் சர்வரில் ஓடும், ப்ரொடக்‌ஷனில் விழும். "என் மெஷின்ல ஓடுதே ப்ரோ" என்பவர் பொய் சொல்லவில்லை.

விழும் நேரமும் விசேஷம். ஜாவா ஒரு மெத்தட் இருக்கிறதா என்று அப்ளிகேஷன் தொடங்கும்போது பார்ப்பதில்லை, அந்த வரி ஓடும்போதுதான் பார்க்கிறது. அதனால் சனிக்கிழமை ராத்திரி ரிலீஸ் சுபமாக முடிந்து, எல்லோரும் 'சக்சஸ்' என்று மெயில் போட்டுத் தூங்கப் போன பிறகு, மாதக் கடைசியில் மட்டும் யாரோ திறக்கும் ஒரு ரிப்போர்ட் பக்கத்தில் 'நோ சச் மெத்தட்' என்று எரர் வரும். இன்னொரு வகை எரரைப் புதிதாகப் பார்ப்பவர்கள் தங்கள் கண்ணையே நம்ப மாட்டார்கள்: இந்த கிளாஸை இதே கிளாஸாக மாற்ற முடியாது என்று அது சொல்லும். இரண்டு பக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர். காரணம், ஜாவாவுக்கு ஒரு கிளாஸின் அடையாளம் பெயர் மட்டும் இல்லை. அதை ஏற்றிய கிளாஸ்லோடரும் சேர்ந்ததுதான் அடையாளம். பொது லிப்பிலிருந்து ஏறியதும் அப்ளிகேஷனின் லிப்பிலிருந்து ஏறியதும் பெயர் ஒன்றானாலும் வேறு வேறு ஆட்கள்.

இதற்கு அனுபவசாலிகள் சொல்லும் வழி சுருக்கமானது. எந்த ஜாரிலிருந்து எந்த கிளாஸ் ஏறியது என்று ஜாவாவையே சொல்லவைக்க ஒரு ஆப்ஷன் உண்டு, முதலில் அதைப் போட வேண்டும். அடுத்து மேவனிடம் டிபென்டன்சி ட்ரீ கேட்டு, வேண்டாத கிளையை எக்ஸ்க்ளூட் செய்ய வேண்டும். சர்வரின் பொது லிப்பில் எல்லைக்கு இரண்டு பக்கமும் புழங்க வேண்டியதை மட்டும் வைக்க வேண்டும். உதாரணமாக, டேட்டாபேஸ் கனெக்‌ஷன் பூலை டாம்கேட்டே நடத்தினால் அதன் டிரைவர் பொது லிப்பில் இருப்பதுதான் முறை. இடம் மிச்சமாகட்டும் என்று ஸ்ப்ரிங்கையும் லாகிங் ஜார்களையும் அங்கே கொட்டுவது வம்பை விலைக்கு வாங்குவது.

லினக்ஸ் அடித்தளத்திலும் இதே கதை வேறு வேஷத்தில் நடக்கிறது. அபாச்சி சர்வருக்குள் எஸ்எஸ்எல் மாட்யூல் ஒரு ஓபன்எஸ்எஸ்எல் வெர்ஷனோடும், அதே ப்ராசஸுக்குள் பிஹெச்பி இழுத்துவந்த ஏதோ ஒன்று வேறு வெர்ஷனோடும் இணைக்கப்பட்டிருந்தால், எரர் மெசேஜுக்குக்கூட வழியில்லாமல் ப்ராசஸ் செத்துப்போகலாம். உபுண்டு 22.04 ஓபன்எஸ்எஸ்எல் 3.0க்கு மாறியபோது, 1.1ஐ எதிர்பார்த்துக் கட்டிய நிரல்கள் லைப்ரரியைக் காணோம் என்று நின்றன. பலர் எங்கிருந்தோ பழைய பாக்கேஜை இறக்கிப் போட்டுச் சமாளித்தார்கள். அந்த 1.1.1க்கான பொது ஆதரவு 2023 செப்டம்பர் 11ஆம் தேதி முடிந்துவிட்டது. அன்று சமாளித்த சர்வர்களில் எத்தனை இன்றும் அப்படியே ஓடுகின்றனவோ. சென்ட்ஓஎஸ் 7 வைத்திருந்தவர்களுக்கு நோட்.ஜேஎஸ் 18 வந்தபோது வேறு முட்டுக்கட்டை. நோட் கேட்பது லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சியில் 2.28, சர்வரில் இருப்பது 2.17. ஜிலிப்சியைத் தனியாக ஏற்றிக்கொள்ள முடியாது, ஏனென்றால் மொத்த சிஸ்டமும் அதன் மேல்தான் நிற்கிறது. ஆபரேட்டிங் சிஸ்டத்தையே மாற்ற வேண்டும். இத்தனைக்கும் இந்தத் துறையில் ஒழுக்கத்துக்குப் பேர்போனது ஜிலிப்சிதான். ஒரு ஃபங்ஷனின் நடத்தை மாறினால் பழைய வடிவத்தையும் வெர்ஷன் முத்திரையோடு உள்ளேயே வைத்திருக்கும், பழைய நிரல் பழையதையே தொடும். மற்ற லைப்ரரிக்காரர்கள் இதில் பாதி கவனம் காட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

வெர்ஷன் சண்டைக்கு வந்த தீர்வுகளில் எனக்கு மிகவும் மதிப்பு உள்ளது லினக்ஸ் டிஸ்ட்ரிபியூஷன் என்ற ஏற்பாடுதான். அதை வெறும் தொழில்நுட்பமாகப் பார்ப்பது போதாது. டெபியன் என்ற டிஸ்ட்ரிபியூஷனில் நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் சேர்ந்து, இந்த வெளியீட்டில் இந்த லைப்ரரியின் இந்த வெர்ஷன்தான், எல்லோரும் அதற்கு ஒத்துப்போக வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். ஒத்துப்போகாத மென்பொருளைத் திருத்துகிறார்கள், முடியாவிட்டால் வெளியே விடுகிறார்கள். நம் வட்டாரத்துக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் உள்ள ஏயூ-கேபிசி ஆராய்ச்சி மையமும் சென்னை சி-டாக்கும் சேர்ந்து 2005இல் மத்திய அரசின் ஆதரவோடு கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. அந்த முயற்சியின் தொடர்ச்சியாக சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வெளிவந்தது. அதுவும் டெபியனை அடியாகக் கொண்டதுதான். ஒருவர் முடிவு செய்து எல்லோருக்கும் ஒரே வெர்ஷன் தருவது அரசு அலுவலகங்களுக்குப் பொருந்தும் முறை. வெப் அப்ளிகேஷன் எழுதுகிறவர்களுக்குத்தான் பொறுமை இல்லை. டெபியன் ஸ்டேபிளில் இருப்பது பழசு, எனக்குப் புதுசு வேண்டும் என்று ஆளாளுக்கு பிப், என்பிஎம் என்ற பாக்கேஜ் கருவிகளை எடுத்துக்கொண்டார்கள்.

டிஸ்ட்ரிபியூஷன் முறையில் ஒரு குழப்பம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ரெட் ஹேட் போன்றவர்கள் பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய வெர்ஷனுக்குள் தைத்துவிடுவார்கள், வெர்ஷன் எண் மாறாது. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியானபோது ஓபன்எஸ்எஸ்எல் திட்டம் 1.0.1ஜி என்ற வெர்ஷனில் அதை அடைத்தது. ரெட் ஹேட் 6 வைத்திருந்தவர்களுக்கு அடைபட்ட பிறகும் 1.0.1இ என்றே காட்டியது, கடைசியில் ஒட்டியிருக்கும் வெளியீட்டு எண்ணில்தான் வித்தியாசம். வெர்ஷன் எண்ணை மட்டும் பார்க்கும் ஸ்கேனர் இன்றும் இந்த மாதிரி சர்வர்களைச் சிவப்பில் காட்டும். ஆடிட்டருக்கும் சிஸ்டம் அட்மினுக்கும் நடக்கும் மெயில் சண்டைகளில் பாதி இதுதான்.

எந்த வெர்ஷன்களைச் சேர்த்தால் எல்லோரும் ஒத்துப்போவார்கள் என்று கண்டுபிடிப்பது பொதுவடிவில் என்பி-கம்ப்ளீட் வகைக் கணக்கு. எல்லாச் சமயத்திலும் சீக்கிரம் விடை தரும் வழி யாருக்கும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு கருவியும் தனக்கென்று ஒரு நாட்டாமைத் தீர்ப்பு வைத்திருக்கிறது. மேவன் ட்ரீயில் கிட்டத்தில் இருப்பதை எடுக்கும், கிரேடில் புதியதை எடுக்கும். என்பிஎம் தேவைப்பட்டால் ஒரே லைப்ரரியின் பல வெர்ஷன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடும். பிப் 2020 நவம்பரில் வந்த 20.3 வரை முரண்பாட்டை முறையாகத் தீர்க்க முயலவே இல்லை. கோ மொழி, கேட்டவர்கள் சொன்ன குறைந்தபட்சங்களில் பெரியதை எடுத்துக்கொண்டு கணக்கையே எளிதாக்கிவிட்டது. மேவனின் தீர்ப்பு எனக்கு உடன்பாடானது அல்ல. தூரத்தை வைத்து வெர்ஷனைத் தேர்வு செய்வதற்கு வசதியைத் தவிர ஒரு நியாயமும் சொல்ல முடியாது.

பிறகு எல்லோரும் தனித்தனியே பிரிந்தார்கள். பைத்தானில் வெர்ச்சுவல் என்வயர்ன்மென்ட், ஜாவாவில் டாம்கேட்டையே உள்ளே அடக்கிய ஸ்ப்ரிங் பூட் ஜார், 2013இல் அறிமுகமான டாக்கர். ஒரே கிணறு, ஒரே முற்றம், தினம் ஒரு சண்டை என்று ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தவர்கள், ஆளுக்கொரு ஃபிளாட் வாங்கிக்கொண்டு போன மாதிரிதான். நிம்மதி உண்மை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. இரண்டு டீம்கள் ஒரு சர்வரைப் பங்கிட்டுக்கொண்டு, உன் ரிலீஸால் என் அப்ளிகேஷன் விழுந்தது என்று கான்ஃபரன்ஸ் காலில் கத்திக்கொண்ட நாள்களைப் பார்த்தவர் யாரும் அங்கே திரும்பிப் போக ஆசைப்பட மாட்டார்கள்.

அந்த நிம்மதிக்கான பில் 2021 டிசம்பரில் வந்தது. லாக்4ஜே லைப்ரரியின் 2ஆம் தலைமுறையில், 2013 முதல் உள்ளே இருந்த ஒரு வசதியைப் பயன்படுத்தி, லாகில் எழுதப்படும் ஒரு வரியைக் கொண்டே சர்வரைக் கைப்பற்றலாம் என்று உலகத்துக்குத் தெரிந்தது. அலிபாபா கிளவுடைச் சேர்ந்த ஆய்வாளர் நவம்பர் 24ஆம் தேதி லாக்4ஜேயை நடத்தும் அபாச்சி அறக்கட்டளைக்குத் தெரிவித்தது, டிசம்பர் 9ஆம் தேதி பகிரங்கமானது. உலகம் முழுக்க எல்லா டீம்களிடமும் வந்த முதல் கேள்வி எளிமையானது: நம்மிடம் லாக்4ஜே எங்கெல்லாம் இருக்கிறது? பழைய ஷேர்டு லைப்ரரி காலமாக இருந்திருந்தால் சர்வருக்கு ஒரு இடம் பார்த்தால் போதும். இப்போது அது வாருக்குள் ஜார், ஜாருக்குள் ஜார், சிலர் பெயரையே மாற்றித் தங்கள் ஜாருக்குள் கரைத்திருந்தார்கள். ஃபைல் பெயரைத் தேடினால் சிக்காது. கண்டுபிடித்து 2.15க்கு மாற்றியவர்களுக்கு 2.16 வந்தது, அப்புறம் 2.17, மாதக் கடைசியில் 2.17.1. கிறிஸ்துமஸ் விடுமுறையில் வாடிக்கையாளர் ஊருக்குப் போய்விட, இங்கே நைட் ஷிஃப்டில் பில்டுக்கு மேல் பில்டு ஓடியது.

ஜிஎஸ்டி சாலையிலேயே இன்னும் துல்லியமான ஒரு உதாரணம் இருக்கிறது. கூடுவாஞ்சேரியைத் தாண்டி வல்லாஞ்சேரியில் எஸ்டான்சியா வளாகத்தில் இருக்கும் ஜோஹோ, 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம். அதன் மேனேஜ்என்ஜின் பிரிவு விற்கும் ஹெல்ப்டெஸ்க், பாஸ்வேர்டு மேலாண்மை போன்ற மென்பொருள்கள் உலகம் முழுக்க நிறுவனங்களின் சொந்த சர்வர்களில் ஓடுகின்றன. ஜாவாவில் எழுதப்பட்டவை, தங்களுக்குத் தேவையான வெப் சர்வரையும் லைப்ரரிகளையும் தாங்களே சுமந்துவருபவை. வாடிக்கையாளருக்கு இது பெரிய சௌகரியம். இன்ஸ்டால் செய்தால் ஓடும், பக்கத்து அப்ளிகேஷனோடு சண்டை வராது.

இவற்றில் இருபதுக்கும் மேற்பட்ட மென்பொருள்கள், எக்ஸ்எம்எல் கையெழுத்தைச் சரிபார்க்க அபாச்சி சான்டுவாரியோ திட்டத்தின் எக்ஸ்எம்எல்செக் லைப்ரரியில் 1.4.1 வெர்ஷனைப் பயன்படுத்தின. பத்து வருடத்துக்கும் மேல் பழையது அது. ஒரே லாகினில் எல்லா இடத்துக்கும் போக உதவும் சாம்ல் முறையில், அடையாளச் சான்று எக்ஸ்எம்எல்லாக வரும், அதில் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும். அந்த எக்ஸ்எம்எல்லுக்குள் எக்ஸ்எஸ்எல்டி என்ற உருமாற்றக் கட்டளைகளையும் வைக்க முடியும். அந்தக் கட்டளைகளைக் கட்டுப்படுத்துவது அப்ளிகேஷனின் பொறுப்பு என்பது பழைய வெர்ஷனின் நிலைப்பாடு. பிந்திய வெர்ஷன்களில் பாதுகாப்பை லைப்ரரியே எடுத்துக்கொண்டது. பழைய லைப்ரரி, அதன் மேல் அந்தக் காவலைப் போடாத அப்ளிகேஷன், இரண்டும் சேர்ந்ததில் லாகின் செய்யாத ஒருவர் தூரத்திலிருந்து அனுப்பும் எக்ஸ்எம்எல் சர்வரில் கட்டளையாக ஓடியது. வியட்நாமின் வியெட்டெல் சைபர் செக்யூரிட்டி ஆய்வாளர் ஒருவர் இதைக் கண்டுபிடித்துத் தெரிவித்தார். சிவிஇ-2022-47966 என்று எண் இடப்பட்டது. 2022 அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் வரை ஒவ்வொரு மென்பொருளுக்கும் பேட்ச் வந்தது. திருத்தம் என்ன என்று ஜோஹோவின் அறிவிப்பிலேயே இருக்கிறது: மூன்றாம் தரப்பு மாட்யூலைப் புதிய வெர்ஷனுக்கு மாற்றினோம் என்பதுதான். 2023 ஜனவரியில் தாக்கும் முறை விவரமாக வெளியானது. அதே மாதம் அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு முகமையான சிசா, நடைமுறையில் தாக்கப்படும் ஓட்டைகளின் பட்டியலில் இதைச் சேர்த்தது. விமானத் துறையைச் சேர்ந்த ஒரு அமைப்புக்குள் இதன் வழியாக அரசுப் பின்னணி உள்ள குழுக்கள் நுழைந்ததாக அந்த முகமை செப்டம்பரில் விவரமான எச்சரிக்கை வெளியிட்டது.

ஜோஹோவைக் குறைசொல்ல இதை எடுக்கவில்லை. பேட்ச் வந்து இரண்டு மாதம் கழித்தும் அதைப் போடாமல் இருந்த சர்வர்கள்தான் தாக்குதலில் சிக்கின. உலகின் பெரிய நிறுவனங்கள் பலவும் இதே மாதிரி பழைய லைப்ரரிகளைச் சுமந்துகொண்டுதான் இருக்கின்றன. 2017இல் அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸில் சுமார் 14.7 கோடிப் பேரின் தகவல் போனதற்குக் காரணமும் பேட்ச் வந்தும் மாற்றப்படாத அபாச்சி ஸ்ட்ரட்ஸ்தான். நான் கவனிக்கச் சொல்வது வேறு. எக்ஸ்எம்எல்செக் 1.4.1 அந்த மென்பொருள்களுக்குள் யாரோடும் மோதவில்லை. ஒரு எரர்கூட வரவில்லை. சிஸ்டம் அட்மின் லினக்ஸையோ விண்டோஸையோ எத்தனை முறை அப்டேட் செய்திருந்தாலும் அது அந்த ஜாரைத் தொட்டிருக்காது. பொது லிப்பில் இருந்திருந்தால் என்றைக்கோ இன்னொரு அப்ளிகேஷன் புதிய வெர்ஷனைக் கேட்டு வம்பு செய்து, அதன் வயது வெளியே தெரிந்திருக்கும்.

கன்டெய்னருக்கும் இது பொருந்தும். அடித்தள இமேஜில் ஓட்டை அடைபட்டாலும், நம் இமேஜை மறுபடி பில்டு செய்தால்தான் அந்தத் திருத்தம் நமக்கு வரும். டாக்கருக்கு மாறிவிட்டோம், இனி வெர்ஷன் பிரச்சினை இல்லை என்று ஒரு டீம் சொன்னால், கடைசியாக எப்போது பில்டு செய்தீர்கள் என்று கேட்டுப் பார்க்கலாம்.

மோதலை மூலத்திலேயே குறைக்க முடியுமா என்றால், லைப்ரரி எழுதுகிறவர்கள் கையில் கொஞ்சம் இருக்கிறது. 2011இல் அபாச்சி காமன்ஸ் லேங் 3 வந்தபோது, பழையதோடு ஒத்துப்போகாத மாற்றங்கள் இருந்ததால் பாக்கேஜின் பெயரையே மாற்றினார்கள். அதனால் 2ஆம் வெர்ஷனும் 3ஆம் வெர்ஷனும் ஒரே அப்ளிகேஷனில் அமைதியாக இருக்க முடிகிறது. கோ மொழி இதையே விதியாக்கிவிட்டது. உடைக்கப் போகிறாய் என்றால் பெயரை மாற்று.

பெயர் மாறினால் வேலை எவ்வளவு என்பதற்குக் கண்ணெதிரே ஒரு சாட்சியும் இருக்கிறது. ஜாவா இஇ ஆரக்கிளிடமிருந்து எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குப் போனபோது, ஜாவாக்ஸ் என்ற பெயர்வெளியை மேற்கொண்டு வளர்க்க ஆரக்கிளோடு உடன்பாடு ஏற்படவில்லை. 2020 டிசம்பரில் வந்த ஜகார்த்தா இஇ 9இல் ஜாவாக்ஸ் என்று தொடங்கிய பாக்கேஜ்கள் ஜகார்த்தா என்று மாறின. சர்வ்லெட் எழுதிய ஒவ்வொரு ஃபைலிலும் இம்போர்ட் வரி மாற வேண்டும். டாம்கேட் 9இல் ஓடும் வார், 10இல் அப்படியே ஓடாது. 2022 நவம்பரில் வந்த ஸ்ப்ரிங் பூட் 3 ஜகார்த்தாவையும் ஜாவா 17ஐயும் கட்டாயமாக்கியது. நம் ஃபைல்களை மாற்றுவது எளிது, தேடி மாற்றும் கருவி போதும். நாம் பயன்படுத்தும் நூறு லைப்ரரிகளும் மாறியிருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். அதில் ஒன்று மாறாவிட்டாலும் மொத்தமும் நிற்கும். பைட்கோடையே திருத்தித் தரும் ஒரு கருவியை டாம்கேட் குழு வைத்திருக்கிறது, டாம்கேட் 10இல் பழைய வாருக்கென்று தனி ஃபோல்டரும் உண்டு. அவசரத்துக்குக் கைகொடுக்கும். அதை நிரந்தர ஏற்பாடாக வைத்துக்கொண்டால், டீபக் செய்யும்போது கையில் இருக்கும் சோர்ஸும் சர்வரில் ஓடுவதும் வேறு வேறாக இருக்கும்.

இந்தியாவில் ஒழுங்குமுறை இப்போதுதான் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024 ஆகஸ்டில் வெளியிட்ட சைபர் பாதுகாப்புக் கட்டமைப்பும், மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2024 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டியும், மென்பொருளுக்குள் என்னென்ன லைப்ரரி, என்ன வெர்ஷன் என்று சொல்லும் எஸ்பிஓஎம் பட்டியலைக் கேட்கின்றன. லாக்4ஜே எங்கே என்ற கேள்விக்கு ஒரு நிமிடத்தில் பதில் கிடைக்க இது உதவும். பட்டியலில் பழசு என்று தெரிந்த பிறகு அதை மாற்றுவது யார் செலவில் என்பது பட்டியலில் வராது.

இங்கேதான் சப்போர்ட் ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும். இந்த வட்டாரத்தில் வழக்கமான சப்போர்ட் ஒப்பந்தம் டிக்கெட்டை எண்ணுகிறது, எத்தனை மணி நேரத்தில் மூடினோம் என்று எண்ணுகிறது. சரியாக ஓடும் அப்ளிகேஷனில் லைப்ரரியை மாற்றுவதற்கு டிக்கெட் கிடையாது. யாராவது ஒரு இளம் பொறியாளர் கேட்டால், "ஓடிட்டிருக்கிறத எதுக்குப்பா தொடணும்? விழுந்தா யார் பதில் சொல்றது?" என்று மேலே இருப்பவர் சொல்வார். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது, அவருடைய அப்ரைசல் விழாமல் இருப்பதில்தான் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை லைப்ரரிகளைப் புதுப்பித்து, டெஸ்ட் செய்து ரிலீஸ் செய்வது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரியும் அதற்கான மணி நேரமும் இருந்தால், ஒவ்வொரு முறையும் மாறுவது நாலைந்து ஜார்தான். உடைந்தாலும் எது உடைத்தது என்று அன்றைக்கே தெரியும். பத்து வருடம் விட்டுவிட்டு மாற்றினால் எண்பது ஜார் ஒரே நாளில் மாறும்.

டாம்கேட் 8.5க்கான ஆதரவு 2024 மார்ச் 31ஆம் தேதி முடிந்துவிட்டது. 9க்கும் 2027 மார்ச் 31 என்று அறிவித்துவிட்டார்கள். ஜகார்த்தா மாற்றத்துக்கு எவ்வளவு நாள் ஆகும் என்று வாடிக்கையாளர் கேட்கும்போது, மதிப்பீடு எழுதுகிறவர் முதலில் வெப்-இன்ஃப் லிப்பைத் திறந்து, வெர்ஷன் எண் இல்லாமல் 'காமன்', 'யூட்டில்', 'நியூ' என்ற பெயரில் கிடக்கும் ஜார்களை எண்ண வேண்டும். அவை வெளியே எங்கும் கிடைக்காது, பழைய டீமில் யாரோ சொந்தமாகக் கட்டியவை. அவற்றின் சோர்ஸ் எந்த ரெப்பாசிட்டரியில் இருக்கிறது, அல்லது வேலையை விட்டுப் போன யாருடைய லேப்டாப்பில் இருந்தது என்று தெரிந்த பிறகுதான் நாள் கணக்கை எழுத முடியும்.